பதினொன்றாம் வகுப்பில் எந்தக் குரூப்?

(பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதிய பிள்ளைகளுக்கும் அவர்கள் பெற்றோருக்கும் எங்கள் மருத்துவமனைச் சிற்றாலயத்தில் நடந்த கூட்டத்தில் மருத்துவமனை ஆயர் ஆற்றிய உரை)



ஆண்டுதோறும் கோடை விடுமுறையில் எங்கள் அறைக்கு நோயாளிகளின் உறவினர் மட்டுமல்ல, பிள்ளைகளை அழைத்துக்கொண்டு பெற்றோரும் வருகிறார்கள். பிளஸ் டூ முடித்த பிள்ளை ஓரமாக நிற்கும். அப்பா பேசுவார். "ஐயா, இவளுக்கு டாக்டராக வேண்டுமென்று ஆசை. நீங்கள் ஒரு கடிதம் கொடுத்தால் போதும்" என்பார். நாங்கள் முதலில் கேட்பது ஒரே கேள்விதான். "பிளஸ் டூவில் என்ன குரூப், அம்மா?" அந்தக் கேள்விக்கு வரும் பதிலில் சில வேளைகளில் எங்கள் பேனா நின்றுபோகிறது. கடிதம் எத்தனை வேண்டுமானாலும் எழுதித் தருவோம். ஆனால் மதிப்பெண் பட்டியலில் இல்லாத உயிரியலை எங்களால் எழுதிச் சேர்க்க முடியாது.

ஆகவேதான் இந்த ஆண்டு, பிளஸ் டூ முடித்தவர்களை அல்ல, பத்தாம் வகுப்பு முடித்த உங்களை அழைத்தோம்.

எங்கள் மனதை உறுத்துகிற ஒரு காரியத்தைச் சொல்லி ஆரம்பிக்கிறோம். இந்த மருத்துவமனையின் சலவைப் பகுதியில் வேலை செய்யும் ஒரு தாயாருக்கு ஒரே மகள். பத்தாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் வாங்கினாள். ஆராதனையில் அவளை முன்னே அழைத்து, ஜெபித்து, பரிசாக ஒரு வேதாகமமும் பேனாவும் கொடுத்தோம். அடுத்து என்ன படிக்கப்போகிறாய் என்று எங்களில் ஒருவரும் கேட்கவில்லை. தோழிகள் சேர்ந்தார்கள் என்று அவளும் கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப்பில் சேர்ந்தாள். 2019இல், அவள் பிளஸ் டூ முடித்த சமயம், அம்மா நோய்வாய்ப்பட்டு நம் வார்டிலேயே படுத்தார்கள். இரண்டு வாரம் இரவும் பகலும் பக்கத்தில் இருந்தவள், ஒருநாள் எங்களிடம் வந்து, "ஐயா, நான் டாக்டருக்குப் படிக்க முடியுமா?" என்று கேட்டாள். அவள் உயிரியல் படிக்கவில்லை. அந்த ஆண்டில் அதற்கு மாற்று வழி எங்களுக்குத் தெரியவில்லை. பிறகு அவள் பி.பார்ம். படித்து, இன்று ஒரு மருந்தகத்தில் நல்ல வேலையில் இருக்கிறாள். அதற்காக நன்றி செலுத்துகிறோம். ஆனாலும் அவளைக் காணும்போதெல்லாம், ஐந்து நிமிடம் உட்கார்ந்து பேசாமல் போனோமே என்ற எண்ணம் எங்களை விடுவதில்லை.

கோபுரம் கட்டப் புறப்படுகிறவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்குப் பார்ப்பான் என்று நம் ஆண்டவர் சொன்னார் அல்லவா? இன்று நாமும் உட்கார்ந்து கணக்குப் பார்ப்போம்.

முதலாவது, சட்டம் என்ன கேட்கிறது? எம்.பி.பி.எஸ். படிக்க விரும்புகிற பிள்ளை பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், உயிரியல், ஆங்கிலம் ஆகியவற்றில் தேறியிருக்க வேண்டும். உயிரியலுக்குப் பதில் தாவரவியல், விலங்கியல் என்று இரண்டாகப் படித்தாலும் சரி. அதற்குமேல் நீட் தேர்வு. 2025இல் நடந்த தேர்வில் 180 கேள்விகள், 720 மதிப்பெண். உயிரியலுக்கு 90 கேள்விகள், இயற்பியலுக்கு 45, வேதியியலுக்கு 45. சரியான விடைக்கு 4 மதிப்பெண், தவறான விடைக்கு 1 மதிப்பெண் குறையும்.

"அந்தக் காலத்தில் மார்க்கு இருந்தால் இடம் கிடைத்ததே" என்று பெரியவர்கள் கேட்கிறீர்கள். உண்மைதான். நம் மாநிலம் நடத்தி வந்த நுழைவுத் தேர்வு நீங்கிய பிறகு, 2016 வரை பிளஸ் டூ மதிப்பெண்ணைக் கொண்டே அரசு இடங்கள் நிரப்பப்பட்டன. 2017 முதல் நீட் வந்துவிட்டது. "நமது மிஷன் கல்லூரிகள் இருக்கின்றனவே" என்றும் கேட்கிறீர்கள். ஐடா ஸ்கடர் அம்மையார் 1918இல் பெண்களுக்கென்று தொடங்கிய மருத்துவப் பள்ளிதான் இன்றைய வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி. அங்கே திருச்சபைகளின் பரிந்துரைக்கு நெடுங்காலமாக ஓர் இடம் இருந்து வந்திருக்கிறது. ஆனால் சிறுபான்மையோர் கல்லூரிகளுக்கும் நீட் பொருந்தும் என்று 2020 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது. எனவே ஆயரின் கடிதம் நீட்டுக்குப் பின்னால்தான் நிற்கும். அதற்கு முன்னால் நிற்காது.

இரண்டாவது, எந்தக் குரூப்? நம் பள்ளிகளில் மருத்துவத்துக்கு வழிவிடுகிற குரூப்புகள் முக்கியமாக இரண்டு. ஒன்று, கணிதம், இயற்பியல், வேதியியல், உயிரியல் சேர்ந்தது. இது பாரமானது. ஆனால் மருத்துவத்துக்கும் பொறியியலுக்கும் இரண்டு கதவும் திறந்திருக்கும். மற்றது, பியூர் சயின்ஸ் என்று சொல்லப்படுகிற இயற்பியல், வேதியியல், தாவரவியல், விலங்கியல். கணிதம் இல்லாததால் பொறியியல் கதவு பெரும்பாலும் மூடிவிடும். ஆனால் உயிரியலுக்குக் கூடுதல் நேரம் கிடைக்கும்.

பிள்ளைகளே, ஒன்றைக் கவனியுங்கள். கணக்குக்குப் பயந்து பியூர் சயின்ஸ் எடுத்தால் பயம் தீர்ந்தது என்று நினைக்காதிருங்கள். கணக்கு இயற்பியல் புத்தகத்துக்குள் ஒளிந்திருக்கிறது. திரிகோணமிதி, மடக்கை, கொஞ்சம் வகைநுண்கணிதம் இல்லாமல் நீட் தேர்வின் இயற்பியலைத் தாண்ட முடியாது. அந்த அளவு கணக்கை யாரிடமாவது கேட்டுப் படித்துக்கொள்ளத்தான் வேண்டும்.

தொழிற்கல்வியில் நர்சிங் குரூப் இருக்கிறதே, ஆஸ்பத்திரிப் படிப்புதானே என்று சிலர் சேர்க்கிறீர்கள். அது நல்ல படிப்பு. ஆனால் அதில் இயற்பியலும் வேதியியலும் இல்லை. அங்கிருந்து எம்.பி.பி.எஸ். படிக்கப் போக முடியாது. பி.எஸ்சி. நர்சிங் படிப்புக்கும் இயற்பியல், வேதியியல், உயிரியல் மூன்றும் கேட்பார்கள். தெரிந்து சேர்வது வேறு, தெரியாமல் சேர்வது வேறு.

தவறிப்போன பிள்ளைகளுக்கு இன்று ஒரு திட்டிவாசல் உண்டு. பிளஸ் டூ முடித்த பின் உயிரியலைக் கூடுதல் பாடமாக, அங்கீகாரம் பெற்ற தேர்வு வாரியத்தில் எழுதித் தேறியவர்களும் நீட் எழுதலாம் என்று தேசிய மருத்துவ ஆணையம் 2023 நவம்பரில் அறிவித்தது. அந்தச் செய்தியைப் படித்த அன்று எங்களுக்கு அந்தச் சலவைத் தாயாரின் மகள்தான் நினைவுக்கு வந்தாள். ஆனால் பெரிய வாசல் திறந்திருக்கும்போதே உள்ளே போவது நல்லது.

மூன்றாவது, பள்ளி. சேருவதற்கு முன் பெற்றோர் தலைமையாசிரியரிடம் கூச்சப்படாமல் இரண்டு கேள்வி கேளுங்கள். "இந்தக் குரூப்பின் எல்லாப் பாடத்துக்கும் ஆசிரியர் இருக்கிறார்களா? பதினொன்றாம் வகுப்புப் புத்தகத்தை முழுவதும் நடத்துகிறீர்களா?" நீட் தேர்வில் இரண்டு ஆண்டுப் பாடமும் வருகிறது. பதினொன்றாம் வகுப்பைத் தள்ளிவிட்டு நேரே பன்னிரண்டை உருப்போட வைக்கும் பள்ளியில் சேரும் பிள்ளை பாதிப் புத்தகத்தோடு பரீட்சைக்குப் போகிறது.

இன்னொரு காரியம். ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியிலேயே படித்தவர்களுக்கு 2020 முதல் நம் மாநில மருத்துவ இடங்களில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு இருக்கிறது. நம் மிஷன் பள்ளிகளைப் போன்ற அரசு உதவி பெறும் பள்ளிகள் இதில் சேரா. அரசுப் பள்ளியில் படித்துவரும் ஏழைப் பிள்ளையை, "நம்ம சபைப் பள்ளி" என்ற பாசத்தில் பதினொன்றாம் வகுப்புக்கு இடம் மாற்றுகிற அன்பர்கள் இதை அறிந்து செய்ய வேண்டும். நல்லெண்ணமே பிள்ளையின் வாய்ப்பைப் பறித்துவிடக் கூடாது.

தமிழ் வழியில் படித்த பிள்ளைகள் பயப்பட வேண்டாம். நீட் வினாத்தாள் தமிழிலும் உண்டு. 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷன் மருத்துவர் சாமுவேல் கிறீன், மானிப்பாயில் தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார். உடற்கூறு நூல்களைத் தமிழில் ஆக்கிக் கொடுத்தார். மனித உடலைத் தமிழில் கற்க முடியும் என்பது அன்றே நிரூபணமான காரியம். கல்லூரியில் ஆங்கிலம் வரும். அதற்கு இப்போதிருந்தே தினம் ஒரு பக்கம் ஆங்கிலம் வாசித்து வாருங்கள்.

கடைசியாகப் பெற்றோருக்கு ஒரு வார்த்தை. 2017இல் அரியலூர் மாவட்டத்து மாணவி அனிதா பிளஸ் டூவில் 1200க்கு 1176 எடுத்தும் நீட் காரணமாக இடம் கிடைக்காமல் போனதையும், அந்தக் குடும்பம் அவளை இழந்ததையும் நாம் யாவரும் அறிவோம். அதை மறந்துவிட்டு இந்தக் கூட்டத்தில் பேச எங்களுக்கு மனம் வரவில்லை. குரூப்பைத் தேர்ந்தெடுக்கும் முன் பிள்ளையைத் தனியே உட்கார வைத்து, "இது உன் ஆசையா, என் ஆசையா?" என்று கேளுங்கள். உங்கள் ஆசைதான் என்றால் விட்டுவிடுங்கள். பிள்ளையின் ஆசை என்றால் துணை நில்லுங்கள். அத்தோடு, "இடம் கிடைக்காவிட்டாலும் நீ எங்கள் பிள்ளைதான்" என்று இப்போதே, முடிவு வருவதற்கு முன்பே, வாயைத் திறந்து சொல்லிவிடுங்கள். முடிவு வந்த பிறகு சொன்னால் அது ஆறுதலாகத்தான் கேட்கும். இப்போது சொன்னால் அது பலமாக இருக்கும். இந்த மருத்துவமனையைப் பாருங்கள். டாக்டர் ஒருவர் நிற்க, நர்ஸ், மருந்தாளர், ஆய்வகப் பணியாளர், இயன்முறை மருத்துவர் என்று எத்தனை பேர் சுற்றி நிற்கிறார்கள்! உயிரியலோடு அறிவியல் குரூப் படித்த பிள்ளைக்கு இந்த வாசல்களும் திறந்தே இருக்கின்றன.

சபைகளிலிருந்து வந்திருக்கும் அன்பர்களே, இன்று உங்களிடம் காணிக்கை கேட்கவில்லை. ஒரு மணி நேரம் கேட்கிறோம். பத்தாம் வகுப்பு முடிவு வரும் வாரத்தில், உங்கள் சபையில் படிப்பறிவில்லாத பெற்றோரின் பிள்ளை யார் என்று பாருங்கள். பரிசு கொடுப்பதோடு நிற்காமல், அந்த வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, "அடுத்து என்ன குரூப், தம்பி? என்ன குரூப், பாப்பா?" என்று கேளுங்கள். விண்ணப்பப் படிவத்தை நிரப்பும்போது பக்கத்தில் இருங்கள். நாங்கள் ஒரு பிள்ளையிடம் கேட்கத் தவறியதை, நீங்கள் பல பிள்ளைகளிடம் கேட்பீர்களானால், இந்தக் கூட்டத்தின் நோக்கம் நிறைவேறும்.

ஆண்டவர் உங்களையும் உங்கள் பிள்ளைகளையும் ஆசீர்வதிப்பாராக.