குதிக்காத துணிவு

ஓடும் பேருந்தின் படிக்கட்டில் தொங்கும் நம் பிள்ளைகளுக்கும் ஆபத்து தெரியும். ஆனால், நண்பர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போது, 'பயந்தாங்கொள்ளி' என்ற சொல் பேருந்துச் சக்கரத்தைவிட அவர்களை அதிகம் அச்சுறுத்துகிறது.

எருசலேம் ஆலயத்தின் உச்சியில் நின்ற இயேசுவையும் அலகை குதிக்கத்தான் சொன்னது. அவர் குதிக்கவில்லை. மறுப்பதும் துணிவே என்று நாம் வீட்டில் கற்றுத்தருகிறோமா?

18 வயது நிரம்பாத மகனிடம் பைக் சாவியைக் கொடுத்துவிட்டுப் பெருமைப்படுகிறோம். 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டப்படி, அதற்குப் பெற்றோருக்கே 25,000 ரூபாய் அபராதமும் மூன்று ஆண்டுவரை சிறையும் உண்டு. அபராதத்தைவிட அவன் உயிர் பெரிதல்லவா? சாவி நம்மிடமே இருக்கட்டும்.

இன்றிரவு உணவு வேளையில், "நண்பர்கள் கேலி செய்தால் என்ன சொல்வாய்?" என்று பிள்ளைகளிடம் கேட்போம். அவர்கள் சொல்வதைக் குறுக்கிடாமல் கேட்போம்.