வாய்ப்பூட்டை உடைத்த மண் இது!

(மடுல்கெல்லயில் நடைபெற்ற பொதுக்கூட்டத்தில் ஆற்றிய உரை)



அரசியலில் உண்மையைச் சொல்ல விடாமல் வாயை அடைக்கும் வழக்கத்தைப் பற்றிப் பேசுமாறு நம்மைப் பணித்திருக்கிறார்கள். அதைப் பேச இம்மடுல்கெல்லயைவிடப் பொருத்தமான இடம் இலங்கையில் வேறில்லை. காரணம் என்ன? இவ்வூர் ரெலுகாஸ் தோட்டத்தில் சின்னத்துரையாகத் தொழில் பழக வந்த ஒரு வெள்ளை இளைஞரால்தான், இந்நாட்டில் பேச்சுரிமை பற்றிய மாபெரும் வழக்கு ஒன்று எழுந்தது. அவர் பெயர் மார்க் அந்தோணி பிரேஸ்கேர்டில். லண்டனில் பிறந்து, அவுஸ்திரேலியாவில் வளர்ந்து, 1936 ஆம் ஆண்டு இங்கு வந்தவர்.

அக்காலத்துத் துரைமாருக்கு எழுதாத சட்டம் ஒன்றிருந்தது. பங்களாவில் நடப்பது லயத்துக்குப் போகலாகாது. லயத்தில் நடப்பது கொழும்புக்குப் போகலாகாது. ஒரு துரை தவறு செய்தால் மற்றத் துரை கண்ணை மூடிக்கொள்ள வேண்டும். பிரேஸ்கேர்டில் கண்ணை மூட மறுத்தார். தொழிலாளரோடு நெருங்கிப் பழகினார்; வேலை போயிற்று. சமசமாஜக் கட்சி மேடையில் ஏறினார். 1937 ஏப்ரல் 3 ஆம் திகதி நாவலப்பிட்டிக் கூட்டத்தில், தோட்டங்களில் சட்டம் எப்படியெல்லாம் மீறப்படுகிறது என்பதைத் தாம் கண்டபடி வெளியிடப்போவதாக முழங்கினார். கூடியிருந்த தொழிலாளர் "சாமி, சாமி" என்று ஆர்ப்பரித்தனர்.

மேடையில் பேசியவர் ஒருவர்; நடுங்கியதோ தோட்டத்துரைமார் கூட்டம் முழுவதும். ஏன்? வெளியாள் பழி சொன்னால் மறுத்துவிடலாம். உள்ளிருந்தவன் சாட்சி சொன்னால் மறுப்பது கடினம். ஏப்ரல் 22 ஆம் திகதி, 48 மணி நேரத்துக்குள் நாட்டைவிட்டு வெளியேறுமாறு தேசாதிபதி ஸ்டப்ஸ் கட்டளையிட்டார். குற்றப்பத்திரம் இல்லை, விசாரணை இல்லை, தீர்ப்பும் இல்லை. பிரேஸ்கேர்டில் தலைமறைவானார். மே 5 ஆம் திகதி அரசாங்க சபையில் என். எம். பெரேராவும் பிலிப் குணவர்தனாவும் கொண்டுவந்த கண்டனப் பிரேரணை 34 வாக்குகளுக்கு 7 என்ற கணக்கில் நிறைவேறியது. அன்று மாலை காலிமுகத்திடலில் மக்கள் கடலெனத் திரண்டனர். அம்மேடையில் பண்டாரநாயக்கா இருந்தார். யாழ்ப்பாணத்து ஹண்டி பேரின்பநாயகம் இருந்தார். நம் தோட்ட மக்களின் பாட்டுக் குரலான மீனாட்சியம்மாள் நடேசய்யரும் இருந்தார். பொலிசார் தேடிக்கொண்டிருந்த பிரேஸ்கேர்டில் அதே மேடையில் தோன்றினார்!

சில நாட்களில் அவர் கைதானார். ஆட்கொணர்வு மனுவில் எச். வி. பெரேரா வாதாடினார். மே 18 ஆம் திகதி, பிரதம நீதியரசர் ஏபிரகாம்ஸ் தலைமையில் மூன்று நீதியரசர்கள் தீர்ப்பளித்தனர். தேசாதிபதி எடுத்துக்காட்டிய 1896 ஆம் ஆண்டுக் கட்டளை அவசர நிலைமைக்கென ஏற்பட்டது. நாட்டில் அப்படியொரு நிலைமை இல்லாதபோது, பேசினான் என்பதற்காக ஒருவனைப் பிடித்து நாடு கடத்த அதிகாரம் இல்லை என்பதே தீர்ப்பின் சாரம். அவர் விடுதலையானார். சட்டம் பயில்வோர் இன்றும் அந்த வழக்கைப் படிக்கின்றனர். அதிகாரம் எவ்வளவு உயர்ந்த கையில் இருந்தாலும் அதற்கு எல்லை உண்டு என்பதே அது புகட்டும் பாடம்.

தோழர்களே! இந்தக் கதையைச் சொல்லிக் கைதட்டல் வாங்கிக்கொண்டு இறங்கிவிட நாம் இங்கு வரவில்லை. பிரேஸ்கேர்டில் வெள்ளையர். அவருக்காகச் சபை கூடிற்று, வழக்கறிஞர் முன்வந்தார், நீதிமன்றம் கதவு திறந்தது. மூன்றாண்டுகள் கூடக் கழியவில்லை. 1940 ஜனவரியில், இதே கண்டிச் சீமையின் ஹேவாஹெட்டைப் பகுதியில், முல்லோயாத் தோட்ட வேலைநிறுத்தத்தின்போது பொலிசாரின் துப்பாக்கிக்குக் கோவிந்தன் என்ற தொழிலாளி இரையானார். விசாரணைக் கமிஷன் முன் கொல்வின் ஆர். டி சில்வா திறம்பட வாதாடினார். ஆனால் கோவிந்தன் திரும்பி வரவில்லை. ஒரே நாடு, ஒரே ஆட்சி. துரை பேசினால் கப்பல், தொழிலாளி எழுந்து நின்றால் குண்டு!

பின்பு சட்டமே வாய்ப்பூட்டாக வந்தது. 1948 ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டமும் 1949 ஆம் ஆண்டுத் தேர்தல் திருத்தமும் நம் மக்களின் வாக்கைப் பறித்தன. வாக்கில்லாதவன் கத்தினாலும் மந்திரியின் காதில் விழாது. நாடற்றோராய் எஞ்சியிருந்தோர்க்கு வழி திறக்க 2003 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கச் சட்டம் வரவேண்டியிருந்தது. அரை நூற்றாண்டுக்கு மேல் ஒரு சமூகம் "நமக்கேன் வம்பு" என்று வாழப் பழக்கப்பட்டது. அப்பழக்கம் சட்டம் மாறிய அன்றே மாறிவிடுமா?

வடக்கு கிழக்கு உறவுகளும் இப்பாடத்தை இரத்தத்தால் கற்றனர். 1979 ஆம் ஆண்டுப் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ், பொலிஸ் அதிகாரி முன் கொடுத்த வாக்குமூலமே சாட்சியமாயிற்று. அது அரசு போட்ட பூட்டு. நம்மவர் போட்ட பூட்டும் உண்டு. 1989 செப்டெம்பரில் யாழ்ப்பாணத்தில் ராஜினி திராணகம சுடப்பட்டார். 1999 ஜூலையில் கொழும்பில் நீலன் திருச்செல்வம் கொல்லப்பட்டார். எல்லாத் தரப்புத் துப்பாக்கிகளையும் கேள்வி கேட்டதும், மாற்று வழி சொன்னதும் அவர்கள் செய்த குற்றங்கள்! 'இன ஒற்றுமை' என்ற பெயரால் அன்று நம்மில் எத்தனை பேர் தலை குனிந்து நடந்தோம்?

உழவர்களே, இது அரசியல்வாதிகளின் சச்சரவு என்று எண்ணாதீர்கள். 2021 ஆம் ஆண்டு மே மாதத்தில் இரசாயன உர இறக்குமதி ஒரே கட்டளையால் நிறுத்தப்பட்டது. விளைச்சல் விழும் என்று எச்சரித்தவர்களில் ஒருவர், நம் பேராதனைப் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் புத்தி மாரம்பே. அவர் விவசாய அமைச்சில் வகித்த பொறுப்புகளிலிருந்து நீக்கப்பட்டார். அதே ஆண்டு நவம்பரில் அரசு பின்வாங்கியது. அதற்குள் வயலும் தேயிலையும் பட்ட பாட்டை உங்களுக்கு நாம் சொல்ல வேண்டுமா? அறிந்தவன் வாயை மூடினால் அறியாதவன் வயிறு காய்கிறது.

இனி நம் வீட்டுக்கு வருவோம். இரவு எட்டு மணிக்குமேல் நம் அலுவலகக் கதவைத் தட்டும் தொழிலாளர் பலர். உள்ளே வந்ததும் முதல் வார்த்தை என்ன தெரியுமா? "ஐயா, நான் வந்து சொன்னேன்னு மட்டும் யாருக்கும் தெரியக்கூடாதுங்க." யாருக்குத் தெரியக்கூடாது? துரைக்கா? துரையைவிடத் தோட்டத் தலைவருக்குத்தான் அதிகம் அஞ்சுகிறார்கள். வீட்டுத்திட்டப் பட்டியலில் பெயர் விடுபடும், மகனுக்கு வேலைக்குக் கடிதம் கிடைக்காது, கோயில் திருவிழாவில் ஒதுக்கிவைப்பார்கள் என்ற அச்சம். மாதாமாதம் சந்தா கொடுப்பவன், அந்தச் சந்தா எங்கே போகிறது என்று கேட்க அஞ்சுகிறான்!

நம்மையும் இதில் சேர்த்தே சொல்கிறோம். சில ஆண்டுகளுக்கு முன் நம் மாவட்டக் கூட்டத்தில் ஓர் இளைஞர் எழுந்து கட்சிக் கணக்கைப் பற்றிக் கேட்டார். "இதை வெளியே பேசாதே, உள்ளே பேசு" என்றோம். அவர் செயற்குழுவுக்கு வந்து கேட்டார். "இன்று நேரமில்லை" என்றோம். மூன்றாம் முறை அவர் வரவில்லை. அதன்பின் எந்தக் கூட்டத்துக்கும் வரவில்லை. கட்டுப்பாடு காத்தோம் என்று அன்று பெருமைப்பட்டோம். உண்மையில் துரைமாரின் எழுதாத சட்டத்தையே நாமும் எழுதாமல் எழுதினோம். இன்று அவர் பிறந்த மண்ணில் நின்று, அது தவறு என்று ஒப்புக்கொள்கிறோம்.

என்ன செய்வது? நான்கு சொல்கிறோம்.

ஒன்று: தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கம். பிரதேச சபையிடமோ பிரதேச செயலகத்திடமோ, வீட்டுப் பட்டியலில் யார் யார், எந்த அடிப்படையில் என்று எழுதிக் கேளுங்கள். 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்லக் கடமைப்பட்டவர்கள். கேட்பதற்குக் காரணம் சொல்லத் தேவையில்லை.

இரண்டு: அரசியலமைப்பின் 14 ஆம் உறுப்புரை பேச்சுரிமையை ஒவ்வொரு பிரஜைக்கும் அளிக்கிறது. அரசின் அதிகாரி அதை மீறினால் 126 ஆம் உறுப்புரையின் கீழ் ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றம் செல்ல வேண்டும். இழுத்தடித்தால் உரிமை கைநழுவும்.

மூன்று: சாட்சிகளைப் பாதுகாக்க 2023 ஆம் ஆண்டின் 10 ஆம் இலக்கச் சட்டம் உண்டு. சாட்சியை மிரட்டுவது குற்றம். மிரட்டிய நாள், நேரம், சொன்ன வார்த்தை மூன்றையும் அன்றே எழுதி வையுங்கள்.

நான்கு: தனியே பேசாதீர்கள். ஒருவன் கையொப்பமிட்டால் அவனைப் பழிவாங்குவது எளிது. லயம் முழுவதும் கையொப்பமிட்டால் எத்தனை பெயரைப் பட்டியலிலிருந்து வெட்டுவார்கள்?

சட்டம் படித்த நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள்: இரவில் கதவைத் தட்டுகிறவனைப் பகலில் வரச்செய்யுங்கள். அவனோடு கூட நடந்து செல்லுங்கள்.

நம் கட்சியைப் பொறுத்தவரை, அடுத்த மாவட்டக் கூட்டத்தில் வரவு செலவுக் கணக்கு உங்கள் முன் வாசிக்கப்படும். கேள்வி கேட்போர் கேட்கலாம். அந்த இளைஞரையும் நாமே நேரிற் சென்று அழைக்கப் போகிறோம். அவர் வர மறுத்தால் குறை நம்முடையது. வந்தால், முதற் கேள்வி அவருடையது!