சுவருக்கும் சித்திரத்துக்கும் இடையே

சுவரை வைத்துத்தான் சித்திரம் எழுத வேண்டும் என்பது நம் பழமொழி. அது ஒன்றைச் சொல்லாமல் விட்டுவிட்டது என்று நான் நினைப்பதுண்டு. சுவருக்கும் சித்திரத்துக்கும் இடையே அடிப்பூச்சு ஒன்று வேண்டும். வண்ணம் பூசுவோர் இன்று அதனைப் பிரைமர் என்பர்.

ஆம்பூரை அடுத்த மலையாம்பட்டில் ஆர்மாமலைக் குகை இருக்கிறது. 8-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த சமண ஓவியங்கள் அங்கே உள்ளன. அவ்வோவியர் கரடுமுரடான பாறைமீது நேரே வண்ணம் தீட்டவில்லை. முதலில் சாந்தைக் கனமாகப் பூசி மேடுபள்ளங்களை நிரவினர். அதன்மேல் மெல்லிய சுண்ணாம்புப் பூச்சு இட்டனர். பிறகே தூரிகையை எடுத்தனர். அவ்வோவியங்களில் பெரும்பகுதி இன்று அழிந்துவிட்டது. பூச்சு உதிர்ந்தால் ஓவியமும் உடன் உதிர்கிறது. பூச்சு பற்றி நிற்கும் இடத்தில்தான் வண்ணமும் நிற்கிறது.

நம் வீட்டு உட்சுவருக்கும் இதே நியதிதான். சிமெண்டுப் பூச்சு நுண்துளைகள் நிறைந்தது. வண்ணத்திலுள்ள நீரை அது ஓரிடத்தில் மிகுதியாகவும் மற்றோரிடத்தில் குறைவாகவும் உறிஞ்சும். அதனால் நிறம் திட்டுத்திட்டாகத் தோன்றும். புதுப்பூச்சு காரத்தன்மையும் உடையது. எண்ணெயும் காரமும் சேர்ந்தால் சோப்பு உண்டாகும் என்று மாணவர்களாகிய நீங்கள் படித்திருப்பீர்கள். ஈரம் உலராத புதுச்சுவரில் எண்ணெய் வண்ணம் பூசினால் அவ்வினையே அங்கும் நிகழும். வண்ணப்படலம் இளகி உரிந்துவிடும். காரத்தைத் தாங்கும் பிரைமர் துளைகளில் இறங்கி, உறிஞ்சுதலைச் சீராக்கி, மேற்பூச்சுக்குப் பிடிப்பளிக்கிறது.

ஆம்பூர்த் தோல் தொழிலிலும் இம்முறை உண்டு. தோலைப் பற்றிக்கொள்ளும் அடிப்பூச்சு முதலில். மெருகூட்டும் மேற்பூச்சு பின்னர்.

வீடு கட்டி முடியும் தறுவாயில் கைப்பணம் சுருங்கும். கண்ணுக்குத் தெரியாத வேலைதானே என்று பலர் அடிப்பூச்சையே முதலில் கைவிடுகின்றனர். பிறகு வண்ணத்துக்கு இருமுறை செலவிடுகின்றனர். புதுச்சுவரை நான்கு வாரமாவது உலரவிட வேண்டும். உப்புத்தாளால் தேய்த்துத் தூசியைத் துடைக்க வேண்டும். ஓதம் இருந்தால் நீர் கசியும் வழியை முன்னதாகவே அடைக்க வேண்டும்; பிரைமர் அதற்கு மருந்தாகாது. பிரைமர் நன்கு காய்ந்தபின்னரே வண்ணம்.

மாணவர்களே, பழைய ஓவியங்களைக் காணச் செல்லும்போது இன்னொன்றையும் நினைவிற் கொள்ளுங்கள். சுவரில் ஆணியாற் கீறும் பெயர் நிறத்தை மட்டும் கெடுப்பதன்று. அதனைத் தாங்கும் பூச்சையும் பிளக்கிறது. அப்பிளவின் வழியே ஈரம் புகும். நூற்றாண்டுகள் நிலைத்த பிடிப்பு அங்கேதான் தளரத் தொடங்கும்.