வரவேற்பு மாலையோடு முடிவதன்று

(ஆவடியை அடுத்த வெள்ளானூரில், சேவைச் சங்கமொன்றில் புதிய உறுப்பினர்கள் இணைந்த நாளில் நிகழ்த்தப்பெற்ற உரை)

 

சேவைச் சங்கங்களில் புதிய உறுப்பினரை வரவேற்கும் முறை அனைவரும் அறிந்ததே. பெயர் அழைக்கப்படுகிறது. பொன்னாடை போர்த்தப்படுகிறது. உறுதிமொழி வாசிக்கப்படுகிறது. சட்டையில் சங்கத்தின் சின்னம் பொருத்தப்படுகிறது. புகைப்படமும் விருந்தும் தொடர்கின்றன. அடுத்த மாதக் கூட்டத்தில் அந்தப் புதியவர் கடைசி வரிசையில் அமர்கிறார். பழையவர்கள் பழைய நிகழ்ச்சிகளைப் பேசிச் சிரிக்கிறார்கள். அவருக்கு அவை விளங்குவதில்லை. மூன்றாம் மாதம் அலுவலகப் பணியைக் காரணம் காட்டி வராமலிருக்கிறார். ஆண்டு முடிவில் அவர் பெயர் பட்டியலில் மட்டும் எஞ்சுகிறது. இக்காலத்து இளைஞர்களுக்குத் தொண்டில் நாட்டமில்லை என்று பெரியவர் ஒருவர் வருந்துகிறார். அத்துடன் ஆராய்ச்சி முடிந்துவிடுகிறது.

சமண அறம் இவ்விடத்தில் வேறொரு வினாவை எழுப்புகிறது. புதியவர் ஏன் தளர்ந்தார் என்பதற்கு முன்பாக, அவர் தளர்ந்தபோது அருகிலிருந்தவர்கள் யாது செய்தனர் என்று அது கேட்கிறது.

சமந்தபத்திர ஆசாரியர் அருளிய இரத்தினகரண்ட சிராவகாசாரமும், தமிழில் அருங்கலச்செப்பும் இல்லறத்தார்க்கு நற்காட்சியின் எட்டு உறுப்புகளை விளக்குகின்றன. ஐயமின்மை, அவாவின்மை, அருவருப்பின்மை, மயக்கமின்மை என்னும் முதல் நான்கும் ஒருவர் தம் உள்ளத்தைத் தாமே செம்மை செய்துகொள்ளும் வழிகள். எஞ்சிய நான்கும் பிறரோடு வாழும் வாழ்வைச் சார்ந்தவை. பிறர் குறையை மறைத்துக் காத்தல், தளர்ந்தவரை நிலைநிறுத்தல், உடன் அறத்தாரிடம் பேரன்பு கொள்ளுதல், அறத்தின் பெருமையை விளங்கச் செய்தல் என்பன அவை. நற்காட்சியின் சரிபாதி அடுத்தவரை நடத்தும் முறையில் அடங்கியுள்ளது என்பது எண்ணத் தக்கது. புதிய உறுப்பினரை வரவேற்கும் கடமைக்கு இதனினும் சிறந்த இலக்கணம் வேண்டுவதில்லை.

நிலைநிறுத்தலுக்குச் சான்றாக ஆன்றோர் காட்டுவது வாரிசேணரின் வரலாறு. அவர் மகத மன்னன் சிரேணிகனின் மைந்தர். அரச வாழ்வை விட்டுத் துறவு பூண்டவர். அவருடைய நண்பரும் அவரைப் பின்பற்றித் துறவேற்றார். ஆயினும் 12 ஆண்டுகள் கழிந்த பின்னும் மனைவியின் நினைவு அந்த நண்பரை விட்டு அகலவில்லை. மனம் இல்லத்தை நாடியது. அதனை அறிந்த வாரிசேணர் அவரைக் கடிந்துரைக்கவில்லை, விலக்கிவைக்கவுமில்லை. அவரை உடனழைத்துக்கொண்டு தம் அரண்மனைக்கே சென்றார். மகன் தளர்ந்து திரும்பினானோ என்று ஐயுற்ற அன்னை சேலினி, அணிசெய்த இருக்கை ஒன்றும் எளிய இருக்கை ஒன்றும் இட்டுவைத்தாள். வாரிசேணர் எளிய இருக்கையில் அமர்ந்தார். பின்னர்த் தாம் துறந்த மனைவியரை அணிகலன்களுடன் வரச்செய்து, இவர்களையும் அரசுரிமையையும் ஏற்றுக்கொள்ளலாம் என்று நண்பரிடம் கூறினார். இத்துணையையும் விட்டுவந்தவர் தம்மருகே இத்தனை ஆண்டுகள் இருந்தார் என்பதை உணர்ந்த நண்பர் நாணினார்; தம் நெறியில் உறுதி பெற்றார்.

இவ்வரலாற்றில் நீண்ட அறிவுரை எதுவும் இல்லை. தளர்ந்தவருடன் ஒருவர் நடந்தார். தம் வாழ்வையே சான்றாகக் காட்டினார். சேவைச் சங்கத்துக்கும் இதுவே பொருந்தும். புதியவர் ஒவ்வொருவருக்கும் மூத்த உறுப்பினர் ஒருவர் துணையாக அமைய வேண்டும். முதல் ஆண்டு முழுவதும் அவரைக் கூட்டத்துக்கு அழைத்துவருவதும், வராதபோது காரணம் அறிவதும், பணியிடத்தில் அவரோடு நிற்பதும் அத்துணைவரின் பொறுப்பாகும். குறுஞ்செய்தி அனுப்பிவிட்டோம் என்று அமைவது இப்பொறுப்பை நிறைவேற்றியதாகாது.

குறை மறைத்துக் காத்தலுக்கு ஜினேந்திரபக்தர் என்னும் வணிகரின் வரலாறு கூறப்படுகிறது. நோன்பியின் வேடம் பூண்டு வந்த ஒருவன் அவருடைய ஜினாலயத்தின் மணியைத் திருடி ஓடினான். காவலர் துரத்தினர். அறத்தின் பெயருக்கு இழுக்கு வரலாகாது என்று கருதிய வணிகர், தாம் கேட்டே அதனை அவன் கொண்டுவந்தான் என்று கூறிக் காவலரை அனுப்பினார். பின்னர்த் தனிமையில் அவனைக் கண்டித்தார். புதிய உறுப்பினரின் பிழைகள் திருட்டு அல்ல. முகாமுக்கு நாற்காலி குறைவாகச் சொல்லியிருப்பார்; கணக்கில் ஒரு சீட்டை விட்டிருப்பார்; மேடையில் ஒரு பெயரை மறந்திருப்பார். இவற்றை அவையில் சுட்டிக்காட்டினால் அவர் மறுமுறை பொறுப்பேற்க அஞ்சுவார். தனியே சொன்னால் கற்றுக்கொள்வார்.

பேரன்பு என்னும் உறுப்புக்குப் பெரியோர் காட்டும் உவமை, கன்றினிடம் பசு கொள்ளும் அன்பு. கைம்மாறு கருதாத அன்பு அது. இங்கு ஒரு வேறுபாட்டை மறவாதிருத்தல் நலம். விருந்தினர் உண்டு விடைபெறுவார். வீட்டார் பரிமாறுவார், பாத்திரம் கழுவுவார். புதியவரை நெடுங்காலம் விருந்தினராகவே நடத்தும் சங்கம் அவருக்கு மதிப்பளிப்பதாக எண்ணுகிறது. உண்மையில் அவரை வாயிலிலேயே நிறுத்திவைக்கிறது. முதல் மாதத்திலேயே அவர் கையில் ஒரு பணி இருத்தல் வேண்டும். அது சிறிதாயினும் அவருடையதாக இருத்தல் வேண்டும்.

வீட்டாராக ஏற்பது சிறு செய்திகளிலும் விளங்கும். கூட்டத்தை இரவு எட்டு மணிக்கு வைத்து ஒன்பது மணிக்கு உணவு பரிமாறும் சங்கத்தில், கதிரவன் மறைந்தபின் உண்ணாத குடும்பத்தினர் எவ்வாறு இயல்பாகப் பொருந்துவர்? ஞாயிறு காலையில் கூடினால் அவர்களும் வருவர், குழந்தைகளையும் அழைத்துவருவர். முறைமாற்றுப் பணியில் உள்ள இளைஞர்க்கும், வீட்டுப் பொறுப்பைச் சுமக்கும் மகளிர்க்கும் எந்த நேரம் இயலும் என்று முன்கூட்டியே கேட்டறிவதும் வரவேற்பின் பகுதியே.

கூடித் தொண்டு செய்வது சமணர்க்குப் புதிதன்று. மதுரையை அடுத்த மாங்குளத்துக் குன்றில், 1882ஆம் ஆண்டில் இராபர்ட் சீவெல் கண்டறிந்த தமிழ்ப் பிராமிக் கல்வெட்டுகள் உள்ளன. பாண்டியன் நெடுஞ்செழியன் காலத்தில் கணிநந்தன் என்னும் சமணத் துறவிக்குப் பள்ளி அமைத்துக் கொடுத்ததை அவை குறிக்கின்றன. அவற்றுள் ஒன்று வெள்ளறை என்னும் ஊரின் நிகமத்தார், அதாவது வணிகர் குழுவினர், அளித்த கொடையைக் கூறுகிறது. அக்கல்வெட்டில் கொடுத்தவர்களின் தனிப் பெயர்கள் இல்லை. குழுவின் பெயர் மட்டுமே உள்ளது. தமிழகத்தின் மிகப் பழைய எழுத்துச் சான்றுகளிலேயே கூட்டுத் தொண்டு பதிவாகியிருப்பது பெருமைக்குரியது. நன்கொடைப் பலகையில் தம் பெயர் எந்த வரிசையில் வருகிறது என்று நோக்குவோர்க்கு அது ஒரு பாடமும் ஆகும்.

பிற நாட்டில் தோன்றிய சேவைச் சங்கங்களின் தொடக்கமும் எளியதே. 1905ஆம் ஆண்டில் சிகாகோ நகரில் பால் ஹாரிஸ் என்னும் வழக்கறிஞர், நிலக்கரி வணிகர், சுரங்கப் பொறியாளர், தையற்காரர் ஆகிய மூவருடன் கூடியதே ரோட்டரி சங்கத்தின் முதற்கூட்டம். ஒவ்வொருவர் பணியிடத்திலும் முறைவைத்துச் சுழன்று கூடியதால் அப்பெயர் அமைந்தது. அவர்கள் மேற்கொண்ட முதற் பொதுப்பணிகளுள் ஒன்று நகரில் பொதுக் கழிப்பிடம் அமைக்க உழைத்தது. 1917ஆம் ஆண்டில் மெல்வின் ஜோன்ஸ் முயற்சியால் அரிமா சங்கம் தோன்றியது. 1925ஆம் ஆண்டில் ஹெலன் கெல்லர் அதன் மாநாட்டில் விடுத்த வேண்டுகோளை ஏற்று, பார்வைக் காப்பு அச்சங்கத்தின் தலையாய பணியாயிற்று. இளம்பிள்ளைவாத ஒழிப்பும் இத்தகையதே. ரோட்டரி 1985ஆம் ஆண்டில் அதனை உலகளாவிய பணியாக ஏற்றது. இந்தியாவில் 1995 முதல் சொட்டு மருந்து முகாம்கள் நடைபெற்றன. 2011 சனவரிக்குப் பின் இந்நாட்டில் இயற்கை வைரசால் அந்நோய் தோன்றவில்லை. 2014 மார்ச் 27 அன்று அந்நோயற்ற நிலைக்குச் சான்றளிக்கப்பெற்றது. அரசின் மருத்துவப் பணியாளர்களுடன், முகாம்களில் அமர்ந்து பிஞ்சு விரலில் மை வைத்த எண்ணற்ற தொண்டர்களுக்கும் அதில் பங்குண்டு. அவர்களில் ஒருவர் செய்தது மிகச் சிறியது; ஆனால் ஆண்டுதோறும் வந்து செய்தனர்.

தமிழ்ச் சமணரிடையே ஜீவபந்து டி. எஸ். ஸ்ரீபால் அவர்களின் தொண்டு மறக்கவொண்ணாதது. கோயில்களில் நிகழ்ந்த உயிர்ப்பலியை நிறுத்த ஊர் ஊராகச் சென்று எடுத்துரைத்தவர் அவர். சென்னை மாநிலத்தில் 1950ஆம் ஆண்டில் உயிர்ப்பலித் தடைச் சட்டம் இயற்றப்பெற்றது. பலிபீடத்தின் முன் நின்று மாற்றாரிடம் இன்சொல்லால் பேசுவது ஒருநாளில் பயன் தரும் பணியன்று. இத்தகைய தொண்டின் தொடர்ச்சி அற்றுப்போகாமல் காப்பதற்கே புதிய உறுப்பினர் தேவைப்படுகின்றனர்.

வந்தவாசி, ஆரணி, போளூர், திண்டிவனம், செஞ்சிப் பக்கத்து ஊர்களிலிருந்து கல்விக்கும் தொழிலுக்குமாகத் தமிழ்ச் சமணக் குடும்பங்கள் பல சென்னைக்கு வந்தன. 1960களில் ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலையும் அம்பத்தூரில் தொழிற்பேட்டையும் வளர்ந்தபின், நகரின் இம்மேற்குப் பகுதி எத்தனையோ ஊரார்க்குப் புகலிடமாயிற்று. சொந்த ஊரில் ஜினாலயத்தைச் சுற்றிய தெருவே ஒரு சங்கமாக இருந்தது. ஒரு வீட்டில் நோய் என்றால் அடுத்த வீடு அறியும். புறநகரின் அடுக்ககத்தில் எதிர்வீட்டார் பெயரும் தெரியாது. பிள்ளைகள் வெளிநாட்டில், பெற்றோர் தனித்து வெள்ளானூரிலோ பூவிருந்தவல்லியிலோ வாழும் நிலை அரிதன்று. ஆகவே இங்கு சேவைச் சங்கம் ஓய்வுநேர அலங்காரமன்று. இழந்த தெருவை மீண்டும் அமைக்கும் முயற்சி.

செய்யத் தக்கது யாது என்று புதியவர் வினவினால், நால்வகைத் தானமே வழிகாட்டும். ஆகார தானம் உணவு அளிப்பது. ஔடத தானம் மருந்து வாங்கித் தருவதோடு, முதியவரை மருத்துவமனைக்கு அழைத்துச் சென்று வரிசையில் உடன் நிற்பதுமாகும். சாத்திர தானம் அரசுப் பள்ளி மாணவர்க்கு மாலையில் ஒரு மணி நேரம் கணக்குச் சொல்லித் தருவதிலும் நிறைவேறும். அபய தானம் அச்சம் போக்குவது. தனித்திருப்போர் வீட்டுக்கு வாரம் ஒருமுறை சென்று வருவதும் அதுவே. 2015 டிசம்பர் பெருமழையிலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் சென்னையின் புறநகர்கள் நீரில் தத்தளித்தன. அத்தகைய நாளில் எந்த வீட்டில் படுக்கையில் முதியவர் இருக்கிறார், எந்தக் குழந்தைக்குப் பால் வேண்டும் என்பதை முன்பே அறிந்த தொண்டரே முதலில் உதவ இயலும். வெள்ளம் வந்தபின் தெருவை அறிந்துகொள்ள நேரமிராது.

புதிய உறுப்பினர்க்கும் கடமைகள் உள. சாவகர் நெறி அணுவிரதத்தில் தொடங்குகிறது. தம் ஆற்றலுக்கு ஏற்ற அளவில் ஏற்று, ஏற்றதைத் தவறாது காப்பதே அதன் இயல்பு. மாதம் இரண்டு மணி நேரம் என்று சொல்லி ஆண்டு முழுவதும் வருபவர், நாள்தோறும் வருவேன் என்று மேடையில் கூறி மறைபவரினும் சங்கத்துக்கு வலிமை சேர்ப்பவர். அருவருப்பின்மை என்னும் உறுப்பையும் அவர் கருதுதல் வேண்டும். நோயுற்ற முனிவரின் வடிவில் வந்து, உண்டதை வாந்தியெடுத்த தேவனை, உத்தாயன மன்னன் முகம் சுளிக்காமல் தன் கையாலேயே தூய்மை செய்தான். நோயாளியின் படுக்கையருகே நிற்கும் தொண்டர்க்கு அம்மன்னனே முன்னோடி. அன்றியும், உதவி நாடி வருபவரிடம் சமயமும் சாதியும் கேட்கலாகாது. உயிர்கள் ஒன்றுக்கொன்று துணையாவதே இயல்பு என்னும் தத்துவார்த்த சூத்திரக் கருத்து எவ்வுயிரையும் விலக்கவில்லை.

அறத்தின் பெருமையை விளங்கச் செய்தல் என்னும் எட்டாவது உறுப்பு இறுதியில் வைக்கப்பட்டுள்ளது. விளம்பரப் பதாகையால் மட்டும் அது நிறைவேறாது. குறையை மறைத்துக் காத்து, தளர்ந்தவரை நிறுத்தி, அன்பு செலுத்திய கூட்டத்தில் அது தானே விளங்கும். இன்று சின்னம் அணியும் ஒவ்வொருவரும் அடுத்த ஆண்டு இதே நாளில் இதே அவையில், தாம் அழைத்துவந்த இன்னொருவருக்குத் துணைவராக நிற்பாராயின், இன்றைய வரவேற்பு அன்று நிறைவுறும். அதற்குரிய பொறுப்பு மூத்தோர்க்கும் புதியோர்க்கும் பொதுவானது.

புதிய உறுப்பினர்கள் அனைவரும் வருக! எல்லா உயிரும் இன்புற்று வாழ்க! அருகன் அறம் ஓங்குக!