திருடனுக்கு வைத்த மணி தீக்கும் ஒலிக்கட்டும்

(தோட்டக் கிளைக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)

 

சம்பளத்தைப் பற்றியும் பால் விலையைப் பற்றியும் பேசவேண்டிய இடத்தில் இவன் எதற்காக ஒரு வெள்ளைத் தட்டையும் ஒரு பெட்டியையும் மேசைமீது வைத்துக்கொண்டு நிற்கிறான் என்று உங்களில் சிலர் எண்ணக்கூடும். எண்ணுவது நியாயமே. கோப்பித் தட்டு அளவே உள்ள இதற்குப் பெயர் கம்பியில்லாப் புகை உணர்கருவி. பக்கத்தில் இருப்பது வீட்டு அபாய மணியின் தலைமைப் பெட்டி. இவ்விரண்டையும் எப்படி இணைப்பது, எங்கே பொருத்துவது, பொருத்திய பிறகு வேலை செய்கிறதா என்று எப்படிச் சோதிப்பது என்பதுதான் இன்றைக்கு எனக்குத் தரப்பட்ட பொருள்.

நம் தோட்டத்து வீடுகளிலும், தாமான்களில் குடியேறிய நம் பிள்ளைகளின் வீடுகளிலும், அபாய மணி இன்று புதுமையான பொருள் அன்று. கணவனும் மனைவியும் விடியுமுன் வெட்டுக்குப் போய்விட்டால் வீட்டில் பாட்டியும் பேரப்பிள்ளையுந்தான். திருடனுக்குப் பயந்து கதவுக்கு ஒரு காந்தம், சன்னலுக்கு ஒரு காந்தம், கூடத்தில் ஆள் நடமாட்டத்தைப் பார்க்கும் கண் ஒன்று என்று வாங்கி மாட்டுகிறோம். அதோடு நில்லாமல் சன்னலுக்கு இரும்புக் கம்பி, வாசலுக்கு மடக்குக் கதவு, அதற்கொரு பூட்டு. திருடன் வெளியிலிருந்து வருகிறவன். அவனுக்கு இவை சரி. தீயோ வீட்டுக்குள்ளேயே பிறக்கும். அப்போது இதே கம்பியும் பூட்டும் யாரைச் சிறைவைக்கும்?

2017ஆம் ஆண்டு செப்டம்பர் 14ஆம் நாள், விடியுமுன், கோலாலம்பூரில் ஒரு சமயப் பள்ளியின் விடுதி எரிந்தது. மாணவர் 21 பேர், அவர்களைப் பார்த்துக்கொண்ட பெரியவர் இருவர், ஆக 23 உயிர்கள் போயின. அது வைத்த தீ என்று வழக்கு நடந்தது வேறு கதை. சன்னல் கம்பிகளைத் தாண்டி அந்தப் பிள்ளைகளால் வெளியே வர முடியவில்லை என்பதுதான் நாம் மறக்கக் கூடாதது. ஆகவே, கருவியைப் பற்றிப் பேசுமுன் ஒன்று சொல்கிறேன். மடக்குக் கதவின் சாவி இரவில் எங்கே தொங்குகிறது என்பது வீட்டிலுள்ள சின்னஞ்சிறு பிள்ளைக்கும் தெரிந்திருக்க வேண்டும். சாவி அப்பாவின் சட்டைப் பையில் இருந்தால் இந்தக் கருவி எவ்வளவு கத்தினாலும் பயனில்லை.

புகையைப் பற்றி ரப்பர் தோட்டத்தாருக்கு யாரும் பாடம் சொல்ல வேண்டியதில்லை. இப்போது பெரும்பாலும் கட்டியாகவே விற்றுவிடுகிறோம். ஆனால் ஷீட்டு தொங்கவிட்ட புகைக் கொட்டகை நம் பெரியவர்களுக்கு நன்றாக நினைவிருக்கும். அடுப்பிலிருந்து கிளம்பிய புகை முதலில் எங்கே போகும்? கூரைக்குப் போகும். கூரையில் நிறைந்த பிறகுதான் படிப்படியாகக் கீழே இறங்கும். வீட்டிலும் அதுவேதான். ஆகவே இந்தக் கருவியின் இடம் கூரைத்தட்டு. கூடுமானவரை அறையின் நடுப்பகுதி. சுவரும் கூரைத்தட்டும் சேரும் மூலையில் காற்று அசையாமல் நிற்குமாதலால் புகை அங்கே தாமதமாகவே வந்து சேரும். மூலையை விட்டுக் குறைந்தது 10 சென்டிமீட்டர் தள்ளி இருக்கட்டும். மின்விசிறியின் நேர்க்காற்றிலும் வைக்காதீர்கள். வருகிற புகையை அது ஊதித் தள்ளிவிடும்.

நம் வீடுகளில் ஒரு சிக்கல் உண்டு. பழைய வீடுகள் சிலவற்றில் கூரைத்தட்டே கிடையாது; தலைக்கு மேலே தகரந்தான். நண்பகல் வெயிலில் தகரத்தின் அடியில் என்ன சூடு இருக்கும் என்பது உங்களுக்குத் தெரியும். பல கருவிகளின் கையேட்டில் 38 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட இடத்தில் மாட்டாதே என்று எழுதியிருக்கிறது. இன்னொன்று, தகரத்தின் கீழே தேங்கும் சூடான காற்று, மெல்ல எழும் புகையை மேலே ஏறவிடாமல் பாதியில் நிறுத்திவிடும். அப்படிப்பட்ட வீட்டில் கருவியைத் தகரத்தோடு ஒட்டி மாட்டுவது வீண். எவ்வளவு கீழே, எந்தச் சட்டத்தில் என்பதை அந்தக் கருவியின் கையேட்டைப் பார்த்துச் செய்யுங்கள். கிராணிமார்கள் இதில் அண்டை வீட்டாருக்கு உதவலாம். அறைக்குத் தட்டு அடித்துக்கொள்வதுதான் சரியான வழி. அது நிர்வாகத்தின் கடமை என்பது என் கருத்து. அதற்குப் பிறகு வருகிறேன்.

படுக்கையறை ஒவ்வொன்றிலும் ஒன்று, அந்த அறைகளுக்கு வெளியே நடையில் ஒன்று என்பது பொதுவான விதி. பணம் ஒன்றுக்குத்தான் இருக்கிறதென்றால் நடையில் மாட்டுங்கள். அடுப்படியில் புகை உணர்கருவி ஆகாது. தாளிக்கிறபோதெல்லாம் கத்தும், இரண்டாம் நாளே கழற்றிவிடுவீர்கள். அடுப்பிலிருந்து 3 மீட்டராவது தள்ளி இருக்கட்டும். அடுப்படிக்கென்று சூடு உணர்கருவி தனியே உண்டு. சுமார் 57 பாகையில் ஒலிப்பது வழக்கம். கொசுவத்திச் சுருளும் சாமி படத்துக்குக் காட்டும் சாம்பிராணியும் எங்கே என்று பார்த்து, அதற்கு நேர்மேலே இல்லாமல் மாட்டுங்கள்.

கடையில் இரண்டு வகை சொல்வார்கள். ஒன்று ஒளியைக் கொண்டு புகையைப் பார்ப்பது. மற்றொன்று அமெரிசியம் என்ற பொருளின் துளியைக் கொண்டு பார்ப்பது. கொழுந்துவிட்டு எரியும் தீயைப் பின்னது சற்று முந்திக் கண்டுபிடிக்கும். மெத்தைக்குள் கனன்று புகையும் தீயை முன்னது முந்திக் கண்டுபிடிக்கும். நாம் தூங்கும்போது நடப்பது பெரும்பாலும் இரண்டாவது வகையாதலால் ஒளி வகையையே வாங்குங்கள்.

'மணி அடித்து எழுந்து ஓட நேரமா இல்லை?' என்று கேட்கும் பெரியவர்கள் உண்டு. அமெரிக்கத் தர நிலையத்தார் 1970களில் சோதித்தபோது மணி ஒலித்தபின் தப்பிக்க 17 நிமிடம்வரை கிடைத்தது. 2004இல் அவர்களே வெளியிட்ட ஆய்வில் அது 3 நிமிடமாகக் குறைந்துவிட்டது. அன்றைய பஞ்சு மெத்தைக்கும் மர நாற்காலிக்கும் பதிலாக இன்று நுரை மெத்தையும் நுரை சோபாவும் வந்துவிட்டதே காரணம். தீயணைப்பு நிலையமோ பட்டணத்தில். தோட்டத்து மண்சாலையில் வண்டி வந்து சேருமுன் அந்த 3 நிமிடம் எப்போதோ முடிந்திருக்கும்.

இனி இணைப்புக்கு வருவோம்.

கம்பியில்லாக் கருவி வானொலி அலையில் பேசுகிறது. அது பேசுவது தலைமைப் பெட்டிக்குப் புரிய வேண்டுமானால் முதலில் அறிமுகம் செய்துவைக்க வேண்டும். பெட்டியைப் 'பதிவு' நிலையில் வைத்து, கருவியின் மின்கலத்தில் உள்ள காகிதப் பட்டையை இழுத்தால், பெட்டி அதை அடையாளம் கண்டு ஓர் எண் கொடுக்கும். அத்தனை கருவிக்கும் 'ஒன்று', 'இரண்டு' என்று விட்டுவிடாமல் 'பாட்டி அறை', 'நடை' என்று பெயரும் பதிந்து வையுங்கள்.

இப்போது சொல்லப்போவதைக் கவனமாகக் கேளுங்கள். பதிவு செய்யும்போது 'இது எந்த வகை?' என்று பெட்டி கேட்கும். கதவுக் காந்தத்தைப் போல இதையும் சாதாரணக் காவல் வகையில் போட்டுவிட்டால், நீங்கள் வீட்டில் இருந்துகொண்டு காவலை நிறுத்தி வைத்திருக்கும் வேளையில் பெட்டி புகையைப் பற்றி வாய் திறக்காது! இதை '24 மணி நேரத் தீ வகை' என்றே பதிய வேண்டும். காவல் போட்டிருந்தாலும் எடுத்திருந்தாலும் அப்போதுதான் ஒலிக்கும். சங்கின் ஓசையும் திருட்டுக்கு ஒருவிதம், தீக்கு வேறுவிதம் என்று இருக்கும். திருட்டு ஓசை கேட்டால் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருப்போம். தீ ஓசை கேட்டால் வெளியே ஓட வேண்டும். இரண்டையும் பிள்ளைகளுக்குக் கேட்கச் செய்து பழக்குங்கள்.

சுவரில் துளை போடுமுன், கருவியை அந்த இடத்தில் கையால் பிடித்துக்கொண்டு, பெட்டி எவ்வளவு தெளிவாகக் கேட்கிறது என்று பாருங்கள். பெரும்பாலான பெட்டிகள் அலையின் வலிமையைக் காட்டும். இரும்பு அலமாரி, தகரத் தடுப்பு, கனத்த செங்கல் சுவர் ஆகியவை அலையை விழுங்கும். இரண்டடி நகர்த்தினாலே சரியாகிவிடுவதும் உண்டு. வாங்கும்போது தொடர்பு ஆணையத்தின் முத்திரை ஒட்டியிருக்கிறதா என்றும் பாருங்கள். வெளிநாட்டிலிருந்து மலிவாக வரவழைத்த கருவி இந்நாட்டில் அனுமதிக்காத அலையில் பேசக்கூடும்.

சோதனை செய்யும் நாளில் அக்கம்பக்கத்தாருக்கு முன்னதாகச் சொல்லிவிடுங்கள். காவல் நிறுவனம் ஒன்று கண்காணிப்பதாக இருந்தால் அவர்களுக்கும் தொலைபேசியில் சொல்லி, சோதனை நிலையில் வைக்கச் செய்யுங்கள். இல்லையேல் தீயணைப்பு வண்டி வாசலில் வந்து நிற்கும். (சிரிப்பு)

கருவியில் ஒரு பொத்தான் இருக்கிறது. அழுத்திப் பிடித்தால் கருவியே கத்தும். அதோடு 'சரி' என்று ஏணியை விட்டு இறங்கிவிடுகிறவர்களே அதிகம். அது பாதிச் சோதனைதான். கருவி கத்தியதா, பெட்டியில் சரியான அறையின் பெயர் வந்ததா, பெட்டியின் சங்கு ஊதியதா, கைப்பேசிக்குச் செய்தி வந்ததா என்று நான்கையும் பார்க்க வேண்டும். இதை ஒவ்வொரு கருவிக்கும் செய்ய வேண்டும். தனித்தனியே கத்திக்கொண்டு ஒன்றோடொன்று பேசாத மலிவுக் கருவிகளும் விற்பனையில் உண்டு. அடுப்படிப் பக்கம் ஒன்று கத்தினால் முன்னறையில் தூங்குகிறவருக்குக் கேட்காது.

அந்தப் பொத்தானுக்கும் ஓர் எல்லை உண்டு. அது மின்சுற்றையும் மணியையும் சோதிக்கிறதேயன்றி, புகை உள்ளே நுழையும் வழி திறந்திருக்கிறதா என்று சொல்வதில்லை. சிலந்தி கூடு கட்டியிருந்தாலும் பொத்தானுக்குக் கருவி கத்தும். அதற்கென்று சோதனைப் புகைக் குப்பி விற்கிறார்கள். கிளைக்கு ஒன்று வாங்கினால் வீடு வீடாகப் பயன்படும். காகிதத்தைக் கொளுத்திக் காட்டாதீர்கள். கரி படிந்து கருவி கெடும். தீக்குப் பயந்து தீயை மூட்டியது போலவும் ஆகும்.

பிறகு வீட்டின் மின்சாரத்தை முழுதும் நிறுத்திவிட்டு ஒருமுறை சோதியுங்கள். மின்கசிவால் பிடிக்கும் தீயில் முதலில் போவது மின்சாரமே. உணர்கருவிக்குத் தன் மின்கலம் உண்டு. பெட்டிக்குள்ளும் ஒன்று இருக்க வேண்டும். ஆனால் இணையப் பெட்டி அணைந்துவிடுமே! வெட்டுமரத்தடியில் நிற்கும் உங்கள் கைப்பேசிக்குச் செய்தி வராது. சிம் அட்டை போடும் வகைப் பெட்டியானால் அந்தக் குறை தீரும். அதுவும் உங்கள் தோட்டத்தில் அலை கிடைத்தால்.

யாருக்குக் கேட்கிறது என்பதுதான் கடைசிச் சோதனை. தரமான கருவி 3 மீட்டர் தூரத்தில் 85 டெசிபெல் ஓசை தர வேண்டும். நமக்கு அது காதைப் பிளக்கும். ஆனால் வயதானவர்களின் காது முதலில் இழப்பது இப்படிப்பட்ட கீச்சொலியைத்தான். அயர்ந்து தூங்கும் சிறு பிள்ளைகள் பலர் இந்த ஓசைக்கு எழுவதில்லை என்றும் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. தாழ்ந்த குரலில், அதாவது 520 ஹெர்ட்சில், ஒலிக்கும் வகை தூங்குகிறவர்களை நன்றாக எழுப்பும், கிடைத்தால் வாங்குங்கள். கிடைக்காவிட்டால் பிள்ளையை யார் தூக்குவது, பாட்டியை யார் கைபிடிப்பது என்று இன்றே பெயர் சொல்லி வையுங்கள். கதவுகளைச் சாத்திவிட்டு, பாட்டியைக் கட்டிலில் படுக்கவைத்து, நடையிலுள்ள பொத்தானை அழுத்துங்கள். 'கேட்டதா பாட்டி?' என்று கேளுங்கள். அவர் சொல்லும் பதிலே தீர்ப்பு.

மாதம் ஒருமுறை பொத்தான் சோதனை. சம்பள நாளன்று செய்தால் மறக்காது. தூசியை அவ்வப்போது உறிஞ்சி எடுங்கள். மழைக்காலத்து ஈசலும் பல்லியும் இதற்குள் புகுந்து பொய்ச் சங்கு ஊதவைக்கும். நிமிடத்துக்கு ஒருமுறை 'கீச்' என்றால் மின்கலம் தீர்கிறது என்று பொருள்; அந்தக் கீச்சுக்கு எரிச்சல்பட்டு மின்கலத்தைப் பிடுங்கி வானொலிப் பெட்டிக்குப் போடுகிறவர் எந்தத் தோட்டத்திலும் உண்டு. முதுகில் அச்சிட்ட தேதியிலிருந்து 10 ஆண்டு ஆனதும், கத்தினாலும் கத்தாவிட்டாலும், மாற்றிவிட வேண்டும்.

வீடு நிர்வாகத்துடையது, கருவியையும் நிர்வாகமே தரட்டுமே என்கிறீர்கள். எனக்கும் அதுதான் எண்ணம். சிங்கப்பூரில் 2018 ஜூன் 1ஆம் தேதியிலிருந்து புதிதாகக் கட்டும் வீடு ஒவ்வொன்றிலும் இப்படியொரு கருவி இருக்கவேண்டும் என்று விதித்துவிட்டார்கள். தோட்டத்து வீட்டில் தூங்குகிறவனின் உயிர் அதைவிட மலிவா? ஆனால் 'புகை மணி வேண்டும்' என்று மட்டும் ஒற்றை வரியில் கேட்டால், இருப்பதிலேயே மலிவானதை வீட்டுக்கு ஒன்று என்று கொடுத்துக் கையெழுத்து வாங்கிக்கொள்வார்கள். ஒன்றோடொன்று பேசும் கருவி, அறைக்குத் தட்டு, ஆண்டுக்கொரு சோதனை, மின்கலச் செலவு, 10 ஆண்டில் மாற்று என்று ஐந்தையும் எழுதிக் கேளுங்கள். எந்த வீட்டில் எந்தத் தேதியில் மாட்டியது என்று ஒரு புத்தகமும் கிளையில் இருக்கட்டும். ஆள் மாறினாலும் வீட்டின் கணக்கு மாறக் கூடாது. செயலாளர் அவர்கள் இதைத் தீர்மானமாகக் கொண்டுவருவதாகச் சொல்லியிருக்கிறார்.

என் நேரம் முடிந்துவிட்டது. இந்தக் கருவியை இப்போது இந்த மண்டபத்தின் கூரைத்தட்டில் மாட்டிச் சோதிக்கப் போகிறோம். பின்வரிசைத் தாய்மார்கள் அங்கேயே அமர்ந்து, ஓசை கேட்டால் கை தூக்குங்கள். ஏணி பிடிக்க இளைஞர் இருவர் முன்னே வாருங்கள்.