முடிவு தெரிந்தும் விடாத கதைகள்



சஸ்பென்ஸ் நாவலைப் பற்றி வானொலியில் பேசுவது சங்கடமான வேலை. எது அதன் உயிரோ அதை வாய்விட்டுச் சொல்லக் கூடாது. சொன்னால் இனிமேல் படிக்க இருப்பவர்கள் திட்டுவார்கள். சொல்லாமல் சுற்றி வளைத்தால், படித்து முடித்தவர்கள், 'இவர் புத்தகத்தைத் திறந்தாவது பார்த்தாரா?' என்பார்கள். ஆகவே முதலிலேயே வாக்குக் கொடுத்துவிடுகிறேன். இன்று நான் பேசும் எந்த நாவலிலும் மர்மத்தின் விடையைச் சொல்ல மாட்டேன். ஒரே ஒரு நாவலின் முடிவை மட்டும் சொல்வேன். அந்த நாவல் வருவதற்குப் பதினாறு ஆண்டுகள் முன்பே அதன் ஆசிரியரே முடிவைச் சொல்லிவிட்டார் என்பதால் பழி என்னைச் சேராது.

ஆங்கிலத்தில் இந்தப் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளாக இரண்டு வகை நாவல்கள் சக்கைப்போடு போடுகின்றன. ஒன்று, வீட்டுக்குள் நடக்கும் சஸ்பென்ஸ். கணவன், மனைவி, பூட்டிய அறை, யாரோ பொய் சொல்கிறார்கள். மற்றது இளையோருக்கான ஃபேன்டசி. மந்திரம், அரசவைச் சூழ்ச்சி, டிராகன். ஒன்று அலுத்தால் மற்றது என்று இரண்டையும் மாற்றி மாற்றிப் படிக்கிறேன். அப்படிப் படித்ததில் எனக்கு உறுதிப்பட்ட ஓர் அபிப்பிராயத்தைத்தான் இன்று உங்கள் முன் வைக்கிறேன். அடுத்து என்ன ஆகுமோ என்று நம்மைப் பதைக்க வைக்கும் வேலையை, அட்டையில் 'சஸ்பென்ஸ்' என்று போட்டுக்கொள்ளும் நாவல்களைவிட, பிள்ளைகள் படிப்பது என்று நாம் ஒதுக்கிவைக்கும் ஃபேன்டசி நாவல்கள் இன்று நன்றாகச் செய்கின்றன.

எப்படி இந்த நிலை வந்தது? 2012-இல் ஜிலியன் ஃப்ளின் 'கான் கேர்ள்' எழுதினார். ஐந்தாவது திருமண நாளன்று மனைவி காணாமல் போகிறாள். ஒரு அத்தியாயம் கணவன் பேசுகிறான், அடுத்தது மனைவியின் டைரி. நடுவில் பெரிய திருப்பம் ஒன்று வருகிறது. ஆனால் அத்தோடு நாவல் தீர்ந்துவிடவில்லை. உண்மை தெரிந்த பிறகு இந்த இரண்டு பேரும் ஒரே வீட்டில் எப்படி இருக்கப்போகிறார்கள் என்பதற்கு இன்னும் பாதிப் புத்தகம் இருக்கிறது. அந்தப் பாதிதான் பயங்கரம். பின்னால் வந்தவர்கள் திருப்பத்தை மட்டும் கழற்றி எடுத்துக்கொண்டார்கள். அதைக் கொண்டுபோய்க் கடைசி முப்பது பக்கத்தில் வைத்தார்கள். முந்நூறு பக்கம் அதற்கு வழி பார்த்து நிற்கிறது.

2019-இல் வந்து உலகமெங்கும் விற்ற அலெக்ஸ் மைக்கேலிடீஸின் 'த சைலண்ட் பேஷண்ட்' இதற்கு நல்ல உதாரணம். அலீசியா என்ற ஓவியர் கணவனைத் துப்பாக்கியால் சுட்டுவிட்டு, அதன்பின் ஒரு சொல்லும் பேசாமல் இருக்கிறாள். அவளைப் பேச வைப்பேன் என்று ஓர் உளச்சிகிச்சை நிபுணர் வருகிறார். கணவனுக்காக உயிர் கொடுத்து, மரணத்திலிருந்து மீண்டு வந்தும் வாய் திறக்காத கிரேக்க நாடகப் பாத்திரம் ஆல்செஸ்டிஸ்; அவள் பெயரைத்தான் அலீசியா தன் ஓவியத்துக்குச் சூட்டியிருக்கிறாள். எவ்வளவு அருமையான தொடக்கம்! முதல் நூறு பக்கத்தைக் கீழே வைக்க முடியவில்லை. முடிவும் தூக்கிவாரிப் போட்டது. ஆனால் இரண்டாம் முறை படித்தபோது ஆசிரியர் எந்தெந்த இடத்தில் கையை மறைத்துக்கொண்டார் என்பது மட்டும்தான் தெரிந்தது. அலீசியாவைப் பற்றிப் புதிதாக ஒன்றுகூடத் தெரியவில்லை. மருத்துவமனையில் இருக்கும் மற்றவர்களும் நம் சந்தேகத்தை வாங்கிக்கொள்ள வரிசையில் நிறுத்தப்பட்டவர்களாகவே நிற்கிறார்கள்.

ஃப்ரீடா மெக்ஃபேடனின் 'த ஹவுஸ்மெய்ட்' 2022-இல் வந்தது. புனைபெயரில் எழுதும் மருத்துவர் இவர். சிறையிலிருந்து வெளியே வந்த மில்லி என்ற பெண் பணக்கார வீடு ஒன்றில் வேலைக்குச் சேர்கிறாள். பரண்மேல் அவளுக்கு ஒதுக்கிய அறைக்கு வெளிப்பக்கம் மட்டுமே பூட்டு. இலக்கியம் என்று இதை யாரும் தூக்கிவைக்க வேண்டியதில்லை. ஆசிரியரும் அப்படிக் கேட்கவில்லை. குட்டி அத்தியாயம், ஒவ்வொன்றின் கடைசி வரியிலும் ஒரு கொக்கி. மாத நாவல் வாங்கி ராஜேஷ்குமாரின் இரண்டு தடக் கதைகளில் பழகிய நமக்கு இந்த வித்தை புதிதில்லை. மதுரையில் ரயில் ஏறினால் விழுப்புரத்துக்குள் முடித்துவிடலாம். தன் அளவு தெரிந்த புத்தகம் என்ற வகையில், பெரிய தத்துவம் பேசுவதாகப் பாவனை செய்யும் பல சஸ்பென்ஸ் நாவல்களைவிட இதன்மேல் எனக்கு மரியாதை அதிகம்.

என் அபிப்பிராயத்துக்கு எதிராக நிற்கும் நாவலையும் சொல்லிவிட வேண்டும். லிஸ் மூர் எழுதி 2024-இல் வந்த 'த காட் ஆஃப் த வுட்ஸ்'. 1975 ஆகஸ்டு மாதம், நியூயார்க் மாநிலத்தின் அடிரோண்டாக் மலைக்காடு. வான் லார் என்ற பணக்காரக் குடும்பத்தின் நிலத்தில் பிள்ளைகளுக்கான கோடை முகாம் நடக்கிறது. ஒருநாள் விடியலில் ஒரு படுக்கை காலி. காணாமல் போனவள் அந்தக் குடும்பத்தின் மகள், பதின்மூன்று வயது பார்பரா. அவள் பிறப்பதற்கு முன்பே, 1961-இல், அவளுடைய அண்ணனும் இதே காட்டில் காணாமல் போயிருக்கிறான்.

யார் கடத்தினார்கள் என்ற கேள்வி இங்கேயும் உண்டு. ஆனால் அந்தக் கேள்வியைக் கையில் பிடித்துக்கொண்டு ஆசிரியர் நம்மை வேறெங்கெல்லாமோ கூட்டிப்போகிறார். மிகச் சிறு வயதில் கல்யாணமாகி, மாத்திரையிலும் மதுவிலும் மங்கிப்போன அம்மா. சொந்தக்காலில் நிற்பதைப் பறைசாற்றும் பெயர் பொறித்த அந்தப் பெரிய வீடு. அதைக் கட்டியெழுப்பி, இன்றுவரை அதற்கு உழைத்துக் கொட்டுகிறவர்களோ அடிவாரத்து ஊர்க்காரர்கள். ஏதாவது நடந்தால் முதலில் சந்தேகம் விழுவதும் அவர்கள் மேல்தான். புலனாய்வுத் துறையில் பெண் என்பதே வேடிக்கையாகப் பார்க்கப்பட்ட காலத்தில் விசாரணைக்கு வரும் ஜூடி, தன் பேச்சைக் கேட்க வைக்கவே பாதி நேரம் போராடுகிறாள். ஐம்பதுகள், அறுபத்தொன்று, எழுபத்தைந்து என்று காலம் தாவிக்கொண்டே இருப்பதால் கொஞ்சம் கவனம் சிதறினாலும் வழி தவறிவிடும். அது ஒரு குறை. ஆனாலும் முடிவு தெரிந்த பின் மறுபடி படிக்கத் தூண்டிய அண்மைக்கால சஸ்பென்ஸ் நாவல் எனக்கு இதுதான். இரண்டாம் வாசிப்பில் ஆலிஸ் என்ற அந்த அம்மா நாவலின் நடுவுக்கு வந்து நிற்கிறாள்.

இனி ஃபேன்டசி. முடிவைச் சொல்வேன் என்றேனே, அந்த நாவல் சூசன் காலின்ஸ் எழுதி 2025 மார்ச்சில் வந்த 'சன்ரைஸ் ஆன் த ரீப்பிங்'. 'ஹங்கர் கேம்ஸ்' வரிசையைச் சேர்ந்தது. ஆண்டுதோறும் பிள்ளைகளைக் குலுக்கலில் எடுத்து, அரங்கத்தில் ஒருவரையொருவர் கொல்லவிட்டு, அதைத் தொலைக்காட்சியில் காட்டும் அரசு. ஐம்பதாவது ஆட்டத்துக்கு வழக்கத்தைவிட இரட்டிப்பாக 48 பேர். அதில் ஹேமிச் என்ற பதினாறு வயதுப் பையன்தான் பிழைப்பான். 2009-இல் வந்த 'கேச்சிங் ஃபயர்' நாவலிலேயே இது சொல்லப்பட்டுவிட்டது. அவன் நேசிப்பவர்களுக்குப் பிறகு என்ன நேர்கிறது என்பதும் பழைய வாசகர்களுக்குத் தெரியும்.

எல்லாம் தெரிந்த கதையில் என்ன பதைப்பு இருக்க முடியும்? துச்சாதனன் இழுக்க இழுக்கச் சேலை வளரும் என்று தெரிந்துதான் நம் ஊரில் விடிய விடியக் கூத்துப் பார்க்கிறார்கள். காலின்ஸும் அந்தத் துணிச்சலோடு இறங்குகிறார். பழைய நாவலில் நாம் அறிந்தது, அரசு வெட்டி ஒட்டி ஒளிபரப்பிய பதிவு. ஹேமிச் உண்மையில் என்ன செய்தான், எதைச் செய்ய முயன்று தோற்றான் என்பது இப்போதுதான் வெளிவருகிறது. 'இவன் பிழைப்பானா' என்ற கேள்வி போய், 'இதையெல்லாம் எப்படி மறைத்தார்கள்' என்ற கேள்வி வந்து உட்காருகிறது. அவன் காதலியோடு சிரித்துப் பேசும் சாதாரணமான இடங்கள்கூட வயிற்றைப் பிசைகின்றன. குறை இல்லாமல் இல்லை. முந்தைய புத்தகங்களின் பாத்திரங்கள் ஒவ்வொருவராக வந்து தலைகாட்டிவிட்டுப் போவது, கல்யாண வீட்டில் சொந்தக்காரர்களை அறிமுகம் செய்துவைப்பதுபோல் நீண்டுவிடுகிறது. எட்கர் ஆலன் போவின் காக்கைக் கவிதையையும் இவ்வளவு முறை இழுத்திருக்க வேண்டாம்.

ஃபேன்டசிக்கு இந்தப் பலம் எங்கிருந்து வருகிறது? அதன் உலகத்துக்கு விதி வேண்டும். விதியை மீறினால் விலை வேண்டும். இரண்டையும் வாசகனிடம் முன்கூட்டியே சொல்லியாக வேண்டும். ஹாலி பிளாக்கின் 'த க்ரூயல் பிரின்ஸ்' (2018) இந்த வகையில் என் மனதுக்கு நெருங்கிய புத்தகம். ஜூட் ஏழு வயதுச் சிறுமியாக இருக்கும்போது மாடாக் என்ற தேவதைக்குலத் தளபதி வந்து அவள் பெற்றோரை அவள் கண்ணெதிரே கொல்கிறான். பிறகு அவளையும் சகோதரிகளையும் தன் உலகத்துக்குக் கொண்டுபோய்த் தன் பிள்ளைகளாகவே வளர்க்கிறான். நன்றாகத்தான் வளர்க்கிறான்! வாள் பிடிக்கவும் வியூகம் வகுக்கவும் கற்றுத்தருகிறான். அவனை வெறுக்கவும் முடியாமல் நேசிக்கவும் முடியாமல் அவள் படும் பாடுதான் கதையின் அடிநாதம்.

அந்த உலகத்தின் விதி ஒன்றே ஒன்று: தேவதைக்குலத்தார் யாராலும் பொய் சொல்ல முடியாது. அதனால் நல்லவர்கள் என்று நினைத்துவிடாதீர்கள். உண்மையை மட்டுமே பேசி ஏமாற்றுவதில் அவர்கள் கைதேர்ந்தவர்கள். மனுஷியான ஜூடுக்கோ பொய் சொல்ல வரும். மந்திரமும் நீண்ட ஆயுளும் இல்லாதவளின் ஒரே ஆயுதம் அது. இந்த விதி தெரிந்துவிட்டால் அரசவையில் நடக்கும் ஒவ்வொரு உரையாடலும் சதுரங்கமாகிவிடுகிறது. இவன் சொன்னது உண்மை, சரி. எதைச் சொல்லாமல் விட்டான்? நஞ்சுக்கு உடம்பைப் பழக்க அவள் தினமும் கொஞ்சம் நஞ்சைத் தானே தின்கிறாள். அது எப்போது உதவும் என்று நாமும் காத்திருக்கிறோம். இங்கே ஆசிரியர் எல்லாச் சீட்டையும் விரித்துக்காட்டிவிட்டு ஆடுகிறார். ஒரு மனத்தாங்கல் உண்டு. தன்னைப் பாடாய்ப் படுத்துகிற இளவரசன்மேல் பெண்ணுக்கு ஈர்ப்பு வருவதை இந்தவகை நாவல்கள் இவ்வளவு இனிப்பாகக் காட்டுவது எனக்கு உவப்பாக இல்லை.

லீ பார்டூகோவின் 'சிக்ஸ் ஆஃப் க்ரோஸ்' (2015) ஒரு கொள்ளைக் கதை. யாராலும் நுழைய முடியாத பனிக்கோட்டைக்குள்ளிருந்து ஓர் ஆளைக் கடத்தி வர ஆறு பேர் கிளம்புகிறார்கள். தலைவன் காஸ் கையுறையைக் கழற்ற மாட்டான். காரணம் தெரியவரும்போது நாவலே வேறு நிறம் கொள்கிறது. அவன் ஊன்றுகோலோடு நடக்கிறவன். பார்டூகோவும் எலும்பு நோயால் கோல் ஊன்றுகிறவர் என்பதாலோ என்னவோ, அந்த வலி அனுதாபம் தேடாமல் இயல்பாக எழுதப்பட்டிருக்கிறது. பதினேழு வயதுப் பிள்ளைகள் நாற்பது வயதுத் தாதாக்கள்போல் பேசுவதை மட்டும் நீங்கள் பெரிய மனது பண்ணி ஏற்றுக்கொள்ள வேண்டும்.

டோமி அடியேமியின் 'சில்ட்ரன் ஆஃப் பிளட் அண்ட் போன்' (2018) யொரூபா மரபின் தெய்வங்களைக் கொண்டு எழுதப்பட்டது. முதல் பகுதியில் இருக்கும் கோபம் கனல். அமெரிக்காவில் கறுப்பின மக்கள் போலீசாரால் சுடப்படுவது கண்டு எழுந்த கோபம் அது என்று ஆசிரியரே பின்னுரையில் எழுதியிருக்கிறார். நடுவில் வரும் அவசரக் காதல் அந்தக் கனலில் தண்ணீர் ஊற்றிவிடுகிறது. ரெபெக்கா யாரோஸின் 'ஃபோர்த் விங்' (2023) ஓடுவதற்கு டிராகன்களே காரணம்; மனிதர்களைவிட அவை நன்றாகப் பேசுகின்றன. அது பெரியவர்களுக்கான நாவல். அட்டையில் டிராகனைப் பார்த்துவிட்டுப் பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்குப் பிறந்தநாள் பரிசாக வாங்கிவிட வேண்டாம்.

இரண்டு வகைக்கும் நடுவே நிற்பது ஹாலி ஜாக்சனின் 'எ குட் கேர்ள்ஸ் கைடு டு மர்டர்' (2019). மந்திரம் எதுவும் இல்லை. இங்கிலாந்தின் ஒரு சிற்றூர், பள்ளி மாணவி, ஒரு பள்ளித் திட்டப்பணி. ஐந்து ஆண்டுகளுக்கு முன் நடந்த கொலைக்கு, இறந்துபோன இந்திய வம்சாவளி இளைஞன் சால் சிங்கின் மேல் ஊரே பழி போட்டிருக்கிறது. பிப் என்ற பெண் அதைத் தோண்டுகிறாள். பேட்டி, குறிப்பு, வரைபடம் என்று அவள் கையில் இருப்பதெல்லாம் நம் கையிலும் இருக்கிறது. அவளுக்குத் தெரியாத எதுவும் நமக்கும் தெரியாது, அவளுக்குத் தெரிந்த எதுவும் நமக்கு ஒளிக்கப்படுவதில்லை. ஊரார் ஒதுக்கிவைத்த அந்தக் குடும்பத்தின் வாசலில் அவள் போய் நிற்கும் முதல் காட்சியிலேயே ஆசிரியர் என்னை வென்றுவிட்டார்.

நூலகத்தில் தேடப்போகிறவர்களுக்கு இரண்டு வார்த்தை. பதின்மூன்று, பதினான்கு வயதினர் பிப்பிடமிருந்து தொடங்கலாம். ஆனால் அந்த வரிசையின் மூன்றாவது புத்தகம் மிக இருண்டது, அதை இன்னும் சில ஆண்டுகள் தள்ளிவையுங்கள். ஹேமிச்சின் கதைக்குப் போகுமுன் 'ஹங்கர் கேம்ஸ்' வரிசையின் முதல் மூன்று புத்தகங்களையும் படித்துவிடுவது நல்லது. பெரியவர்களுக்கு லிஸ் மூர். எந்தப் புத்தகமானாலும் பின்னட்டையை மட்டும் படிக்காதீர்கள். நான் இவ்வளவு நேரம் கட்டிக்காத்த வாக்கை அங்கே இரண்டே வரியில் உடைத்து வைத்திருப்பார்கள்.