வலைக்கு வந்த மீனும் தட்டுக்கு வந்த மீனும்: ஜப்பானிய அனுபவம்



மொழியியல் படித்தவனுக்கு மீன்வளத்தில் என்ன வேலை என்று உங்களுள் சிலர் நினைக்கக்கூடும். புள்ளிவிவரத்தில் வரும் ஒவ்வோர் எண்ணும் ஒரு சொல்லைப் பற்றிக்கொண்டுதான் நிற்கிறது. அச்சொல்லின் பொருளெல்லையை அறியாமல் எண்ணை மட்டும் படிப்போமானால், படித்தது வேறாகவும் புரிந்துகொண்டது வேறாகவும் போய்விடும். இதற்கு ஜப்பானின் கடல்மீன் கணக்கு மிகப் பொருத்தமான சான்று.

1984ஆம் ஆண்டில் அந்நாட்டின் மொத்த மீன் உற்பத்தி ஏறத்தாழ 12.8 மில்லியன் டன். 2022இல் அது ஏறத்தாழ 3.9 மில்லியன் டன். இவ்விரண்டு எண்களையும் அருகருகே வைத்துப் பார்ப்பவர், ஜப்பானியரின் தட்டிலிருந்து மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் மீன் மறைந்துவிட்டது என்றே எண்ணுவார். அவ்வாறு எண்ணுவதற்கு இடமில்லை. 'உற்பத்தி' என்பது வலைக்கு வந்ததைக் குறிக்கும். 'உணவு வழங்கல்' என்பது தட்டுக்கு வந்ததைக் குறிக்கும். இரண்டுக்கும் இடையே ஒரு மத்தி மீன் நிற்கிறது.

ஜப்பானியர் 'இவாஷி' என்று வழங்கும் மத்தியினம் 1980களில் வரலாறு காணாத அளவுக்குப் பெருகியது. 1988இல் மட்டும் ஏறத்தாழ 4.5 மில்லியன் டன் பிடிபட்டது. அது அவ்வாண்டின் மொத்த உற்பத்தியில் மூன்றில் ஒரு பங்குக்கும் அதிகம். அவ்வளவையும் மனிதர் உண்ணவில்லை. பெரும்பகுதி மீன்தூளாகவும் எண்ணெயாகவும் வளர்ப்பு மீன்களுக்குத் தீனியாகவும் போயிற்று. பின்னர் அவ்வினம் சரிந்து, 2005இல் 30,000 டன்னுக்கும் கீழே இறங்கியது. இச்சரிவுக்கு மீன்பிடிப்பை மட்டும் காரணமாகச் சொல்ல இயலாது. ஜப்பான், கலிபோர்னியா, சிலி ஆகிய மூன்று தொலைவான கரைகளிலும் மத்தி ஒரே காலத்தில் பெருகி ஒரே காலத்தில் குறைவதை ட்சுயோஷி கவாசாகி என்னும் ஆய்வாளர் 1983இல் எடுத்துக்காட்டினார். பசிபிக் பெருங்கடல் முழுவதும் பல பத்தாண்டுகளுக்கு ஒருமுறை தன் நிலையை மாற்றிக்கொள்கிறது என்ற கருத்து அதன் பின்னரே வலுப்பெற்றது. இப்போது மத்தி மீண்டும் பெருகி, ஆண்டுக்கு 600,000 டன்னைத் தாண்டியிருக்கிறது. ஜப்பானியரே உருவாக்கிய எழுத்துகளுள் ஒன்று இம்மீனுக்குரியது: மீன் என்னும் குறியின் பக்கத்தில் 'வலிமையற்றது' என்னும் குறி. எளிதில் கெட்டுப்போகும் மீன் என்பதால் அவ்வாறு எழுதினார்கள் என்பர்.

தீனியாகப் போன மத்தியைத் தின்று வளர்ந்தவற்றுள் முதன்மையானது 'புரி' என்னும் பெரிய மீன். இங்கே மொழியாசிரியர்கள் சற்று நின்று பார்க்கவேண்டிய செய்தி ஒன்று உண்டு. நாம் பூவின் பருவங்களை அரும்பு, மொட்டு, முகை, மலர், அலர், வீ, செம்மல் எனப் பிரித்துப் பெயரிட்டோம். ஜப்பானியர் மீனின் பருவங்களுக்கு அவ்வாறு பெயரிட்டனர். தோக்கியோ வட்டாரத்தில் அம்மீன் வளர வளர வகாஷி, இனாடா, வராசா, புரி எனப் பெயர் பெறும்; ஒசாகா வட்டாரத்தில் சுபாசு, ஹமாச்சி, மெஜிரோ, புரி எனப்படும். 1928இல் ககாவா கரையில் இம்மீனை வளர்க்கும் தொழில் தொடங்கியது. போருக்குப் பின் அது மேற்கு ஜப்பானில் பரவியது. அதனால் 'ஹமாச்சி' என்ற வட்டாரச் சொல் நாடெங்கும் சென்று, இன்று 'வளர்ப்பு புரி' என்ற பொருளைப் பெற்றுவிட்டது. மீன் வழங்கலில் நேர்ந்த மாற்றம் ஒரு சொல்லின் பொருளையே மாற்றியிருக்கிறது. கணக்கெழுதுவோர்க்கும் இதில் ஒரு சிக்கல் உண்டு. பிடித்த மத்தி ஒருமுறை உற்பத்தியில் சேர்கிறது. அதைத் தின்று வளர்ந்த ஹமாச்சி மறுமுறையும் சேர்கிறது. தட்டுக்கு வருவதோ ஹமாச்சி மட்டுமே.

உற்பத்தி குறைந்ததற்கு மற்றொரு பெருங்காரணம் சட்டம். போருக்குப் பின் விதிக்கப்பட்டிருந்த கடல் எல்லைக் கட்டுப்பாடு 1952இல் நீங்கியதும், 'கரையிலிருந்து அண்மைக் கடலுக்கு, அண்மைக் கடலிலிருந்து தொலைகடலுக்கு' என்பது அரசின் முழக்கமாயிற்று. 1973இல் தொலைகடல் மீன்பிடிப்பு மட்டும் 4 மில்லியன் டன்னை எட்டியது. அவ்வாண்டே எண்ணெய் விலை ஏறியது. 1977இல் அமெரிக்காவும் சோவியத் ஒன்றியமும் 200 கடல்மைல் எல்லையை நடைமுறைப்படுத்தின. பிறர் கரையோரம் பிடித்து வந்த மீனை இனி விலைகொடுத்து வாங்கவேண்டிய நிலை வந்தது.

அந்த மாற்றத்தின் அலை நம் கரையையும் தொட்டது. ஹொக்கைடோவில் 1960 வாக்கில், மீன்தசையை அரைத்துக் கழுவி உறையவைக்கும் 'சுரிமி' நுட்பம் உருவாகியிருந்தது. அதற்கு மூலப்பொருள் வட பசிபிக்கின் குளிர்நீர் மீன். அது எட்டாமற்போனபோது தாய்லாந்து முதலான வெப்பக்கடல் நாடுகளின் மீனிலிருந்து சுரிமி செய்து ஜப்பானுக்கு அனுப்பினர். நம் சந்தைகளில் 'கெரிசி' என்று கேட்டு வாங்குகிறோமே, அந்த இனந்தான். நம் ஸ்டீம்போட் கடைகளில் நண்டென்று நம்பிச் சிறுவர்கள் எடுக்கும் செந்நிறத் துண்டுகளும் இந்தச் சுரிமி வழிவந்தவையே.

இனி விழுக்காட்டுக்கு வருவோம். 1964இல் ஜப்பானின் உணவுமீன் தன்னிறைவு 113 விழுக்காடு. அதாவது உண்டது போக ஏற்றுமதிக்கும் மிஞ்சியது. இந்நூற்றாண்டின் தொடக்கம் முதல் அது 50 விழுக்காட்டுக்குச் சற்று மேலும் 60ஐ ஒட்டியுமாக நிற்கிறது. இருபது ஆண்டுகளாகப் பெரிய வீழ்ச்சி இல்லையே என்று மகிழலாமா? 2001இல் ஒருவர் ஓராண்டில் உண்ட மீன் 40.2 கிலோ, 2022இல் ஏறத்தாழ 22 கிலோ. 2011 முதல் இறைச்சி மீனை முந்திவிட்டது. உள்நாட்டில் பிடிப்பதும் குறைந்தது, உண்பதும் குறைந்தது. ஆகவே வகுத்து வந்த ஈவு அசையாமல் நின்றது. மாணவர்களே, விழுக்காட்டைப் படிக்கும்போது வகுபடும் எண்ணையும் வகுக்கும் எண்ணையும் தனித்தனியே கேட்டுப் பெறுங்கள். ஜப்பானிய மீன்வளத்தைப் பற்றிய கவலைக்குரிய செய்தி அந்த இரண்டு எண்களில்தான் இருக்கிறது என்பது என் கருத்து.

ஏன் உண்பது குறைந்தது? விலை, முள், சுடும்போது அடுக்குமாடி வீட்டில் தங்கும் வாடை, இருவரும் வேலைக்குச் செல்லும் குடும்பத்தில் சமைக்க நேரமின்மை எனப் பலவும் சொல்லப்படுகின்றன. நம் வீடுகளிலும் கேட்கும் காரணங்களே அவை.

எல்லாக் குறைவும் அட்டவணையால் தோன்றும் மயக்கம் என்று நான் சொல்வதாகக் கொள்ளவேண்டாம். 'சன்மா' என்ற மீனை இலையுதிர்காலம், கத்தி, மீன் என்ற மூன்று குறிகளால் எழுதுவார்கள். கத்திபோன்ற உடல், அப்பருவத்தில் கொழுத்து வரும் ஏழைகளின் மீன். இது 2008இல் ஏறத்தாழ 350,000 டன் கிடைத்தது. 2022இல் 18,000 டன் அளவே. கடல்நீர் வெப்பமானதும், மீன்கூட்டம் கரையைவிட்டு விலகிச் சென்றதும், பெருங்கடலில் பல நாட்டுக் கப்பல்கள் அதைப் பிடிப்பதும் சேர்ந்து இந்நிலையை உண்டாக்கின. இங்கே மத்தியைப்போல் தீனிக்குப் போனது என்று சமாதானம் சொல்ல வழியில்லை. தட்டுக்கு வரவேண்டிய மீனே வரவில்லை.

1949ஆம் ஆண்டின் மீன்பிடிச் சட்டத்தை 2018இல் பெருமளவு திருத்தி, ஓர் இனம் எவ்வளவு பிடிப்பைத் தாங்கும் என்ற அறிவியல் மதிப்பீட்டின்படி வரம்பு விதிக்க ஜப்பான் முற்பட்டிருக்கிறது. வரம்பு விதிக்கலாம், மீன் போகும் திசையைச் சட்டம் மாற்றாது. முன்பு தெற்கில் மிகுதியாகக் கிடைத்த புரி, 2010களிலிருந்து வடகோடியான ஹொக்கைடோவில் ஆயிரக்கணக்கான டன்னாகப் பிடிபடுகிறது. அங்குள்ள குடும்பங்களுக்கு அதைச் சமைத்துப் பழக்கமில்லை. ஆகவே முதலில் குறைந்த விலைக்கே போயிற்று. மீன் வந்துவிட்டது, அதை உண்ணும் வழக்கம் பின்னால் வந்துகொண்டிருக்கிறது.

வினாக்களுக்கு நேரம் ஒதுக்கியிருக்கிறார்கள்.